மாத்திரையோடு மலக்கூடமும் வேண்டும்

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் எங்களுக்கு முன் பேசியவர்கள் தெளிவாக எடுத்துச் சொல்லிவிட்டார்கள். சுகாதாரக் குழுவின் சார்பில் நாங்கள் பேச வந்திருப்பது வேறொரு விஷயம். கேட்பதற்குச் சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் நம் பிள்ளைகளின் உடம்பில் ஓடும் இரத்தத்தைப் பற்றிய விஷயம் அது.

போன மாதம் நம் கிளைக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு தர்ம ஸ்தாபனத்தார் எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர்களோடு இங்கே வந்து, பிரட்டுக் களத்தில் கொட்டகை போட்டு, எல்லாரையும் சோதித்து, இலவசமாக மருந்து கொடுக்க விரும்புகிறார்களாம். பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை. பெண்களுக்கு இரத்த விருத்தி மாத்திரை. "உங்களுக்குச் சம்மதந்தானா? வேறு என்ன தேவை?" என்றும் கேட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் குழுவில் படிக்கப்பட்டபோது இரண்டு விதமான பேச்சு எழுந்தது. "பணக்காரன் போடும் பிச்சை நமக்கு எதற்கு? சங்கம் போராடிப் பெற வேண்டியதை இரந்து பெறுவதா?" என்றார் ஒரு தோழர். "என் பேத்திக்குச் சோகை. எவர் கொடுத்தால் என்ன ஐயா, மருந்து மருந்துதானே?" என்றார் ஒரு தாயார். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆகவே நாங்கள் பதிலை அவசரப்பட்டு எழுதவில்லை. பணக்காரர் கொடுத்த பணம் ஏழையின் உடல்நலத்துக்கு எப்போது உதவியது, எப்போது உதவாமல் போனது என்று பழைய சரித்திரத்தைத் தேடிப் படித்தோம். படித்ததை உங்கள் முன் வைக்கிறோம். முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

சமநீதி என்றால் என்ன?

ஆரோக்கியத்தில் சமநீதி வேண்டும் என்று இப்போது எங்கும் பேசுகிறார்கள். அதன் பொருள் என்ன? பங்களாவில் இருப்பவருக்கும் லயத்தில் இருப்பவருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துவிட்டால் சமநீதி வந்துவிடுமா? பங்களாவுக்குள் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. கழுவிவிடும் மலக்கூடம் இருக்கிறது. காலுக்குச் சப்பாத்து இருக்கிறது. அங்கே உள்ள பிள்ளைக்கு அந்த மாத்திரையே தேவைப்படுவதில்லை. லயத்துப் பிள்ளையோ மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுநாள் அதே சேற்றில் வெறுங்காலோடு நடக்கிறது. ஒருவருக்கு நோய் வருவதற்கும் மற்றவருக்கு வராமல் இருப்பதற்கும் காரணமான வேற்றுமை எதுவோ, அதை நீக்குவதுதான் சமநீதி.

இதை விளக்க நாங்கள் எடுத்துக்கொண்டது கொக்கிப்புழுவின் கதை. நம் பாட்டன் பாட்டிமாரோடு கப்பலேறி வந்த கதை அது. உலகத்திலேயே பெரிய தர்ம ஸ்தாபனங்களில் ஒன்று தன் வேலையைத் தொடங்கியதும் இந்தப் புழுவைக் கொண்டுதான்.

வெறுங்காலும் ஈர மண்ணும்

கொக்கிப்புழு மனிதனின் குடலில் பல்லைப் பதித்துக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. மலம் மண்ணில் விழுந்தால், வெதுவெதுப்பும் ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் முட்டை பொரித்து நுண்ணிய புழுவாகிறது. யாராவது வெறுங்காலோடு அங்கே நின்றால், தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடுகிறது. பிறகு இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்ச் சேருகிறது. 1890-களின் இறுதியில் எகிப்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த லூஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, இந்தப் புழுக்கள் கலந்த நீரைத் தற்செயலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். கை அரித்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன. தோல் வழியாகப் புழு நுழையும் என்பது இப்படித்தான் தெரியவந்தது.

வெதுவெதுப்பு, ஈரம், நிழல், வெறுங்கால். தோழர்களே, இந்த நான்கும் ஒன்றாகக் கூடும் இடம் எது? விடியற்காலையில் பால் வெட்டப் போன கித்தாக் காடுதானே? மலக்கூடம் இல்லாத லயத்தில் வாழ்ந்தவர்கள் மரத்தடிக்குத்தான் போனார்கள். அந்த மரத்தடியில்தான் மறுநாள் நிரை பிடித்து வேலை செய்தார்கள்.

இது நம் இனத்துக்கு மட்டும் வந்த நோய் என்று எண்ண வேண்டாம். 1880-இல் சுவிட்சர்லாந்தில் செயிண்ட் கோதார்ட் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட இத்தாலியத் தொழிலாளர்களும் இதே புழுவால் வெளுத்துச் சுருண்டார்கள். சுரங்கத்துக்குள் மலக்கூடம் இல்லை என்பதே அங்கும் காரணம். நோய் பிடித்தவன் மூச்சு வாங்குவான், முகம் வெளுக்கும், கால் வீங்கும், நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவான். அவனைப் பார்த்து மேலதிகாரி சொல்லும் சொல் என்ன? சோம்பேறி! அமெரிக்காவில் பத்திரிகைகளே இதைச் "சோம்பேறிக் கிருமி" என்று எழுதின. இரத்தம் போனவனைச் சோம்பேறி என்று திட்டியது நம் தோட்டத்தில் மட்டும் நடந்ததல்ல.

பத்து லட்சம் டாலர்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளைக்கார ஏழைகளும் கறுப்பு மக்களும் இப்படியே வாடினார்கள். அங்கே காணப்படும் கொக்கிப்புழு தனி வகை என்று 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். பல ஆண்டுகள் அவர் பேச்சைப் பெரிதாக யாரும் கேட்கவில்லை. 1909-ஆம் ஆண்டு அக்டோபரில் எண்ணெய்ச் சக்கரவர்த்தி ஜான் டி. ராக்பெல்லர் இதற்கென 10 லட்சம் டாலர் ஒதுக்கினார். ஒரு சுகாதாரக் கமிஷன் அமைந்தது. அதன் காரியதரிசியாக வந்தவர் விக்லிஃப் ரோஸ். டாக்டர் அல்லர், தத்துவப் பேராசிரியராக இருந்தவர்.

அவர் செய்த வேலை முறையைக் கவனியுங்கள். முதலாவது, எங்கே எவ்வளவு நோய் என்று கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கணக்கான வட்டாரங்களில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்ததில் 100-க்குச் சுமார் 40 பேருக்குப் புழு இருந்தது. வீடு வீடாகப் போய் மலக்கூடம் உண்டா என்றும் எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது, தங்கள் பெயரில் தனி ஆஸ்பத்திரி நடத்தவில்லை. 11 மாநிலங்களிலும் அரசாங்கச் சுகாதாரச் சபைகளின் வழியாகவே வேலை செய்தார்கள். மூன்றாவது, வட்டார நிர்வாகமும் ஒரு பங்குப் பணம் போட வேண்டும் என்றார்கள். நான்காவது, மக்களுக்குக் கண்ணால் காட்டினார்கள். கொட்டகை போட்டு, பூதக்கண்ணாடியில் புழுவின் முட்டையை அவரவரே பார்க்கும்படி செய்தார்கள். குதிரை வண்டி கட்டிக்கொண்டு, சோறு கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்தார்கள். 1914-இல் கமிஷன் முடிவதற்குள் ஏறக்குறைய 7 லட்சம் பேருக்கு மருந்து கொடுக்கப்பட்டது.

புழு ஒழிந்துவிட்டதா? ஒழியவில்லை. மலக்கூடம் இல்லாத இடங்களில் மறுபடியும் வந்தது. ஆனால் அங்கே வேறொன்று நிலைத்தது. அதுவரை பெயருக்கு இருந்த மாநிலச் சுகாதாரச் சபைகள் உயிர் பெற்றன. சட்டசபைகள் அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் வழக்கம் வளர்ந்தது. ஸ்தாபனம் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் சுகாதார அதிகாரி என்று ஒருவர் அங்கே இருந்தார். நோய் கடுமையாக இருந்த பகுதிகளில் இயக்கத்துக்குப் பின் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும், எழுதப் படிக்கக் கற்பதும் மற்றப் பகுதிகளைவிட அதிகமாக உயர்ந்தன என்று 2007-இல் ஹாய்ட் பிளீக்லி என்ற பொருளாதார அறிஞர் கணக்குப் பார்த்து வெளியிட்டார். சோகை தீர்ந்த பிள்ளை பாடம் படிக்கிறது. எளிய உண்மைதானே!

அது யாருடைய பணம்?

ஆனால் தொழிலாளர் பத்திரிகையில் இந்தப் பாதியோடு நிறுத்தினால் நாம் பொய் சொன்னவர்கள் ஆவோம். கொடுத்த கை எந்தக் கை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கொலராடோ மாநிலத்தில் ராக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்த நிலக்கரிக் கம்பெனியில் 1913 செப்டம்பரில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் கேட்டவை என்ன? சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை வேண்டும். கம்பெனிக் கடையில்தான் வாங்க வேண்டும், கம்பெனி டாக்டரிடந்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. தங்கள் டாக்டரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். ஆம் தோழர்களே, அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் டாக்டரும் இருந்தார்! கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் லட்லோ என்னும் இடத்தில் கூடாரம் அடித்து மாரி காலத்தைக் கழித்தார்கள். 1914 ஏப்ரல் 20-ஆம் தேதி மாநிலப் படையினரும் கம்பெனிக் காவலர்களும் அந்தக் கூடாரங்களைச் சுட்டு எரித்தார்கள். ஒரு கூடாரத்தின் கீழே குழிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சு முட்டி மாண்டார்கள்.

தென் மாநிலங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது. 1913-இல் நியூயார்க் மாநிலத்தில் ராக்பெல்லர் ஸ்தாபனம் பதிவாகியிருந்தது. 1915-இல் பிராங்க் வால்ஷ் தலைமையிலான தொழில் உறவுக் கமிஷன் மகன் ராக்பெல்லரைச் சாட்சிக் கூண்டில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. தொழிலாளிக்குச் சம்பளமாகப் போக வேண்டிய பணம் தர்மமாக மாறி, அந்தத் தர்மத்தை எங்கே செய்வது என்று முதலாளியே தீர்மானிப்பது முறையா என்பதே அன்று எழுந்த கேள்வி. இன்றைக்கும் அது பழசாகிப் போன கேள்வி அல்ல.

இதற்காக அந்த மருந்தை வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டுமா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. மருந்தை வாங்கிக்கொள்ளலாம், வாயை மூடிக்கொள்ளக் கூடாது. தர்மம் வந்தது என்பதற்காகக் கோரிக்கையை யாரும் கைவிடத் தேவையில்லை.

நம் கரைக்கு வந்த கமிஷன்

அந்த ஸ்தாபனத்தின் கை நம் நாட்டையும் தொட்டது. 1915 முதல் 1917 வரை டாக்டர் சாமுவேல் டார்லிங் என்பவர் தலைமையில் ஒரு குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளுக்கு வந்தது. பனாமாக் கால்வாய் வேலையில் தொழிலாளரின் நோய்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் இங்கே ஆராய்ந்தார்கள். அவர்களுடைய அறிக்கை 1920-இல் வெளிவந்தது. எத்தனை பேருக்குப் புழு இருக்கிறது என்பது மட்டும் கணக்கல்ல, ஒவ்வொருவர் உடம்பிலும் எத்தனை புழு இருக்கிறது என்று எண்ண வேண்டும் என்பது டார்லிங்கின் கொள்கை. பத்துப் புழு உள்ளவன் வேலை செய்துகொண்டிருப்பான். பல நூறு புழு உள்ளவன் படுத்துவிடுவான். நோயின் சுமை யார் மேல் அதிகம் என்று காட்டுவது அந்தக் கணக்கு. கிராணிமார்களே, புள்ளி வைத்து எழுதுவதிலும் நியாயம் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இலங்கையை. 1916-இல் இலங்கைத் தோட்டங்களில் இதே ஸ்தாபனம் வேலை தொடங்கியது. தோட்டங்களில் இருந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் சகோதரர்கள். லயம், கங்காணி, பிரட்டு எல்லாம் இங்கே இருந்தது போலவேதான். தைமால் என்ற மருந்தும், பிறகு கினோபோடியம் எண்ணெயும் கொடுத்தார்கள். இரண்டும் கடுமையானவை, அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. அதையும் ஜனங்கள் விழுங்கினார்கள். புழு விழுந்தது. சில மாதங்களில் திரும்பி வந்தது.

ஏன் திரும்பி வந்தது? மருந்து கொடுத்த கை ஸ்தாபனத்தினுடையது. மலக்கூடம் கட்ட வேண்டிய கை தோட்ட நிர்வாகத்தினுடையது. நிர்வாகங்கள் பல அந்தச் செலவைத் தட்டிக் கழித்தன. தொழிலாளிக்கு இரத்தம் ஊறினால் வேலை கூடும் என்பதால் மருந்துக்குச் சரி என்றார்கள். லயத்துக்குப் பின்னால் செங்கல் அடுக்கக் காசு இல்லை என்றார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த அன்று தொழிலாளிக்குச் சங்கம் இல்லை. வெள்ளைக்கார அரசாங்கமும் துரைமாரின் மனம் கோணாமல் நடந்துகொண்டது.

ஸ்தாபனமும் பாடம் படித்தது. ஒரு நோயை மட்டும் துரத்திப் பயனில்லை என்று கண்டு, அரசாங்கத்தோடு சேர்ந்து 1926-இல் களுத்துறையில் ஒரு சுகாதார நிலையத்தை ஏற்படுத்தினார்கள். ஒரு குறிப்பிட்ட வட்டாரம். அதற்கு ஒரு டாக்டர், நர்சுகள், மருத்துவச்சிகள், சுகாதார இன்ஸ்பெக்டர்கள். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். கர்ப்பிணியைப் பார்த்தார்கள், பள்ளிப் பிள்ளையைச் சோதித்தார்கள், கிணற்றையும் மலக்கூடத்தையும் கவனித்தார்கள். இந்த முறை இலங்கை முழுவதும் பரவி, அந்த நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கே முதுகெலும்பாக ஆயிற்று. ஸ்தாபனம் தூண்டியது, அரசாங்கம் ஏற்று நடத்தியது. நல்ல வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் அதிலும் ஒரு குறை. கிராமங்களில் அரசாங்கச் சுகாதாரம் வளர்ந்தபோது, தோட்டங்கள் நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஒதுக்கிவிடப்பட்டன. முதன்முதலில் மருந்து குடித்த தோட்டத் தமிழர்கள் பல பத்தாண்டுகள் பின்தங்கியே கிடந்தார்கள். பொறுப்பு யாருடையது என்று எழுதி வைக்காத இடத்தில் ஏழைதான் விடுபட்டுப் போகிறான்.

இன்றைய நிலை

இன்று அந்தக் கடுமையான மருந்துகள் இல்லை. ஆல்பென்டசோல் என்ற ஒரே மாத்திரை போதும், விலையும் சொற்பம். 2012 ஜனவரியில் லண்டனில் கேட்ஸ் ஸ்தாபனத்தாரும், மருந்துக் கம்பெனிகளும், பல அரசாங்கங்களும் கூடி, ஏழை நாடுகளின் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்தை இலவசமாகத் தர உறுதி எடுத்தார்கள். கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது. இது நன்மையே. ஆயினும் மண் வழியாகப் பரவும் புழு நோய்கள் உலகத்தில் சுமார் 150 கோடிப் பேருக்கு இருப்பதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டிலும் ஒராங் அஸ்லி கிராமங்களில் பிள்ளைகளுக்கு இந்த நோய் அதிகமாக இருப்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

ராக்பெல்லர் கமிஷன் வேலை செய்த 11 மாநிலங்களில் அலபாமாவும் ஒன்று. அங்கே லவுண்ட்ஸ் என்ற வட்டாரத்தில், பெரும்பாலும் கறுப்பு மக்கள் வாழும் இடத்தில், வீட்டுக் கழிவு முற்றத்திலேயே தேங்கி நிற்கும் அவலம் நம் காலம் வரை நீடித்தது. 2023-இல் மத்திய நீதி இலாகா தலையிட்டு மாநிலச் சுகாதார இலாகாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2025 ஏப்ரலில் புதிய ஆட்சி அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. நூறு ஆண்டுக்கு முன் மருந்து போன ஊருக்கு மலக்கூடம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை! ஒப்பந்தம் எழுதினால் மட்டும் போதாது, அதைக் காக்க ஆட்கள் வேண்டும் என்பது சங்கத்துக்காரர்களாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் லயத்தைப் பார்ப்போம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாட்டுக்கு அது சரி. மருந்துக்கும் சரியா?

நம் தோட்டத்தில் கித்தா பாதி போய்ச் செம்பனை வந்துவிட்டது. மேல் லயத்தில் நாம் இருக்கிறோம். கீழே ஆற்றோரத்தில் வங்காளதேசத் தோழர்களும் இந்தோனேசியத் தோழர்களும் பலகை வீடுகளில் இருக்கிறார்கள். மேல் லயத்தில் கழிவுத் தொட்டி உடைந்து மழைக்கு வழிகிறது. இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம், பார்க்கிறோம் என்றார்கள். கீழ் லயத்தில் முப்பது பேருக்கு இரண்டு மலக்கூடம். ஒன்றுக்குக் கதவு இல்லை. மேலே வழியும் தண்ணீர் கீழேதான் போகிறது. அவர்கள் வேறு நாட்டார் என்று நாம் சும்மா இருக்கலாமா? இன்னொருவர் கழிவில் அவர்கள் நடந்தால், நாளை அவர்கள் கழிவில் நம் பிள்ளை நடக்கும். புழு பாஸ்போர்ட் கேட்பதில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. 1966-இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக வந்தது அது. 2019-இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. குடியிருப்புக்குத் தண்ணீரும் சுகாதார வசதியும் செய்து, பழுது பார்த்து வைப்பது முதலாளியின் கடமை. அவர் கடமையை ஒரு தர்ம ஸ்தாபனம் செய்து கொடுத்தால், நாம் முதலாளிக்குத் தர்மம் செய்தவர்கள் ஆவோம்!

அப்படியானால் ஸ்தாபனத்தாருக்கு என்ன பதில் எழுதுவது? எங்கள் குழுவின் யோசனை இது: "வாருங்கள், மனமார வரவேற்கிறோம், ஆனால் இப்படி வாருங்கள்" என்று எழுதலாம்.

ஒன்று: மருந்து கொடுக்கும் முன் கணக்கெடுங்கள். மேல் லயம், கீழ் லயம் இரண்டிலும் எத்தனை பேருக்குப் புழு, எத்தனை பேருக்குச் சோகை, எத்தனை மலக்கூடம், தண்ணீர் எப்படி என்று எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம்; எண்ணிக்கையைத் தமிழிலும் மலாயிலும் மற்றத் தோழர்களின் பாஷையிலும் பிரட்டுக் களத்தில் ஒட்டுங்கள்.

இரண்டு: மாவட்டச் சுகாதார அலுவலகத்தையும் தொழிலாளர் இலாகாவையும் உங்களோடு அழைத்து வாருங்கள். நாங்கள் கூப்பிட்டால் வர நாளாகிறது. நீங்கள் கூப்பிட்டால் சீக்கிரம் வருவார்கள். உங்கள் பணத்தைவிட அந்தச் செல்வாக்குத்தான் எங்களுக்குப் பெரிய உதவி.

மூன்று: விரும்பினால் மாதிரியாக ஒரு நல்ல மலக்கூடம் கட்டிக் காட்டுங்கள். மற்றவற்றை நிர்வாகம் இன்ன தேதிக்குள் கட்ட வேண்டும் என்று நிர்வாகம், இலாகா, சங்கம் மூவரும் கையெழுத்திட ஏற்பாடு செய்யுங்கள்.

நான்கு: ஆறு மாதம் கழித்தும், ஓர் ஆண்டு கழித்தும் திரும்பி வந்து அதே சோதனையைச் செய்யுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டால் புழு மட்டுந்தான் திரும்பி வரும்.

ஐந்து: இந்த வேலையைக் கவனிக்கும் குழுவில் எங்களுக்கும் இடம் கொடுங்கள். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். கீழ் லயத்தாரும் இருக்கட்டும். உங்கள் நிதி எங்கிருந்து வருகிறது என்பதையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

இவற்றுக்கு அவர்கள் இணங்கினால் உண்மையில் நன்மை செய்ய வருகிறவர்கள் என்று அறிந்துகொள்வோம். சிலவற்றுக்குத்தான் இணங்குவார்கள் என்றாலும் மாத்திரையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். சோகை பிடித்த பேத்தி கொள்கை முடிவுக்காகக் காத்திருக்க முடியாது. அந்தத் தாயார் சொன்னதே சரி. மாத்திரையை வாங்கிக்கொண்டு, மலக்கூடத்துக்கு நாமே மனுப் போடுவோம். போராடித்தான் பெற வேண்டும் என்ற தோழர் சொன்னதும் அப்போது சரியாகிவிடும்.

நம் பங்குக்கும் வேலை உண்டு. பிள்ளைகள் வெறுங்காலோடு வெளியே போகாமல் பார்ப்பது நம் வேலை. கட்டிய மலக்கூடத்தைச் சுத்தமாக வைப்பதும் நம் வேலை. கிராணிமார் நண்பர்கள் கணக்கெழுதவும், நாம் கொடுக்கும் மனுவுக்குத் தேதியும் நகலும் வைக்கவும் உதவ வேண்டும். இதுவரை கொடுத்த இரண்டு மனுவுக்கும் நம்மிடம் நகல் இல்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மூன்றாவது மனுவுக்கு அந்தக் குறை இருக்காது.

தர்ம ஸ்தாபனம் தள்ளிவிடும் கையாக இருக்கலாம். ஆனால் வண்டியை இழுத்துப் போக வேண்டியது அரசாங்கமும் சட்டமும்; அதை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது சங்கம். இந்த ஐந்து கோரிக்கைகளையும் கிளையின் தீர்மானமாக ஏற்றுக்கொள்ளுமாறு தலைவர் அவர்களை வேண்டுகிறோம். இணங்குபவர்கள் கை தூக்குங்கள். கீழ் லயத்துத் தோழர்கள் பின்னால் நிற்கிறார்கள். நாம் பேசியது என்னவென்று அவர்களுக்கு மலாயில் சொல்லிவிட்டு, அவர்கள் கையையும் சேர்த்து எண்ணுங்கள்.

 வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!